கூண்டுக் குருவிக்குக் கொல்லைத் தினை

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் பெருநகர். தைப்பூசத்தன்று சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சுவாமிகள் ஆற்று மணலில் வந்து கூடும் ஊர் என்று சொன்னால் உத்திரமேரூர் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலக்கடலை வயல் ஒன்றைப் பார்க்கச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில் அங்கு சென்றிருந்தேன். வேலை முடிந்து, தண்ணீர் குடிக்க ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, குழந்தைகள் ஊதும் பொம்மைக் குழல்போல 'மீப், மீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. திண்ணையின் ஓரத்தில் பெரிய கம்பிக் கூண்டு. அதற்குள் ஆறு ஜோடி ஃபிஞ்ச் குருவிகள்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அவற்றை வளர்த்து வந்தாள். குஞ்சுகள் தாமாக இரை எடுக்கத் தொடங்கியதும் காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குக் கொடுப்பாள். அந்தப் பணம் அவள் நோட்டுப் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் ஆயிற்று. ஆனால் தீனிச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டுப் பெரியம்மா, அவளுடைய ஆயா, என்னிடம் முறையிட்டார்: "நாம கேழ்வரகுக் கூழ் குடிச்சிட்டுக் கெடக்கிறோம், இதுங்களுக்கு மட்டும் பாக்கெட்டுல வருது தம்பி. குஞ்சு வித்த காசு அந்தப் பாக்கெட்டுக்கே போயிடுது."

பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிடியை முறத்தில் கொட்டி ஊதிப் பார்த்தேன். உமியும் தூசியும் பறந்தன. எஞ்சிய மணிகளில் நூறை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பார்க்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசினாள். "முப்பத்தொண்ணுதான் முளைச்சிருக்கு சார்." மற்றவை செத்த விதைகள். செத்த விதையில் மாவு இருக்கும். ஆனால் நெடுநாள் கிடந்து கொழுப்பு சிக்கெடுத்துப் போயிருக்கும், வைட்டமின்களும் பெரும்பாலும் போயிருக்கும்.

"கடைத் தீனியே வேண்டாம். கிணற்றடியில் ஐந்து சென்ட் தினை விதையுங்கள், அது போதும்" என்றேன். ஆயாவுக்கு மெத்த மகிழ்ச்சி. அவர் மாமியார் காலத்தில் அந்தக் கொல்லைமேட்டில் விளைந்ததெல்லாம் தினையும் சாமையும்தானாம்.

ஆடியில் விதைத்தார்கள்; புரட்டாசியில் நன்றாகவே விளைந்தது. மார்கழியில் அதே கூண்டில் மூன்று பெட்டைக் குருவிகள் அடுத்தடுத்துச் செத்துப்போயின. தினை மேல் குற்றமில்லை. "அது போதும்" என்று நான் சொன்னதுதான் குற்றம். அதை இக்கட்டுரையின் நடுவில் விளக்குகிறேன். வீட்டுத் தீனி, கடைத் தீனி என்று கட்சி கட்டுவதில் எனக்கு இப்போது ஆர்வம் இல்லை. எதை வீட்டில் விளைவிக்கலாம், எதை வாங்கத்தான் வேண்டும் என்று பிரித்தறிந்தால் குருவிக்கும் நல்லது, கையிருப்புக்கும் நல்லது.

எந்தக் குருவி?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் வயல்களில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் தினைக்குருவிகளையும் சில்லைகளையும் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன், அங்கே பறவைக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் காலம் போய்விட்டது, போனதே நல்லது.

சட்டப்படி வீடுகளில் வளர்க்கப்படுபவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருகிவரும் வெளிநாட்டு இனங்கள். அலகு சிவந்து, கழுத்தில் வரி ஓடும் ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அந்நாடு 1960-லேயே தன் ஃபிஞ்ச் குருவிகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று நம் கடைகளில் இருப்பவை இங்கேயே கூண்டில் பொரித்தவை. பெங்காலீஸ் ஃபிஞ்ச் என்ற பெயரில் வங்காளம் இருந்தாலும் அது சீனாவிலும் ஜப்பானிலும் வளர்த்து உருவாக்கிய வளர்ப்பு இனம். அதன் மூதாதை நம் பக்கத்திலும் காணப்படும் வெண்முதுகுச் சில்லை. ஜாவா குருவி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அது அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளது. அத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்துகொள்ள 2024-இல் விதிகள் வந்துள்ளன.

இந்தக் குருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று, இவை புல் விதை தின்று வாழப் பிறந்தவை. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் மழை பெய்து, புல் கதிர் விட்டதும்தான் ஜீப்ரா ஃபிஞ்ச் கூடு கட்டும். குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் முற்றாத பச்சை விதையைத்தான். தினையும் சாமையும் குதிரைவாலியும் பனிவரகும் புல்லினத் தானியங்களே. ஆகவே குருவிக்கு இவற்றைவிடப் பொருத்தமான தானியம் வேறு இல்லை. வெளிநாட்டுக் கடைகளில் 'மில்லட் ஸ்பிரே' என்று கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு விற்பது என்ன என்று பார்த்தால், அது நம் தினைக் கதிரேதான்! வடசீனத்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கப்பட்ட தானியம் அது. நம் ஊரில் வள்ளி காவல் காத்த பயிரும் அதுவே.

எத்தனை சென்ட் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜீப்ரா ஃபிஞ்ச் சுமார் 12 கிராம் எடை இருக்கும். நாளொன்றுக்கு உமியோடு சேர்த்து 3 முதல் 5 கிராம் தானியம் எடுக்கும். ஒரு ஜோடிக்கு 8 கிராம் என்று வைத்தால் ஆண்டுக்கு 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குஞ்சு பொரிக்கும் காலத்துத் தேவை, சிந்துவது, வீணாவது எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 5 கிலோ எடுத்துவைத்தால் தாராளம்.

மானாவாரித் தினை ஏக்கருக்கு 600 கிலோ விளைந்தால், சென்டுக்கு 6 கிலோ. அதாவது ஒரு ஜோடிக் குருவிக்கு ஒரு சென்ட் நிலம். வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தும் இடம் அவ்வளவு இருக்கும். பெருநகர் வீட்டில் ஆறு ஜோடிக்கு ஐந்து சென்ட் என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான். அவர்களுக்குத் தூற்றிய தானியம் 27 கிலோ வந்தது. மீதி காட்டுக் குருவிகளின் பங்கு.

மாடியில் தொட்டி வைத்துத் தீனியை முழுவதும் விளைவித்துவிடலாம் என்று நகரத்து அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அது நடக்காது. பத்துத் தொட்டியில் விளைவது ஒரு ஜோடிக்கு ஒரு மாதம்கூட வராது. ஆனால் தொட்டியில் வேறொரு பயன் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

விதைப்பும் காவலும்

தினைக்கு ஆடிப் பட்டம் ஏற்றது. இறவையில் மாசியிலும் விதைக்கலாம். பட்டம் தவறிப் பின்தங்கி விதைத்தால் குருத்து ஈ தாக்கி நடுக்குருத்து காய்ந்துவிடும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை. ஐந்து சென்டுக்கு 200 கிராம். இவ்வளவுதானா என்று ஆயா அளந்து பார்த்துச் சிரித்தார். வரிசைக்கு வரிசை 25 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். சென்டுக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம் போதும். கோ 7, அத்தியந்தல் 1 ஆகிய இரகங்கள் 80 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வரும்.

குருவித் தீனிக்காகப் பயிரிடும்போது விதை நேர்த்தியில் ஓர் எச்சரிக்கை. மருந்து கலந்த விதை நிறம் ஏற்றப்பட்டிருக்கும். விதைத்து மீந்த அந்த விதையை, 'தினைதானே' என்று கூண்டில் போட்டுவிடக் கூடாது. பன்னிரண்டு கிராம் உடம்பு அதைத் தாங்காது. அசோஸ்பைரில்லம் கலந்து விதைத்தால் இந்தப் பயமே இல்லை. தினைக்குப் பூச்சி மருந்து தெளிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

வேண்டியது காவல்தான். சங்க காலத்துக் குறிஞ்சிப் பெண்கள் தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளி ஓட்டினார்கள் என்றால் அது வெறும் காதல் கதைக்கான இடமில்லை. ஓட்டாவிட்டால் தினை வீடு வந்து சேராது. பால் பிடிக்கும் பருவத்தில் கிளியும் சிட்டும் தினைக்குருவியும் வந்து மொய்க்கும். ஏக்கர் கணக்கில் பயிர் இருந்தால் சேதம் பரவலாகிவிடும். சுற்றிலும் நெல்லும் கரும்பும் இருக்க, நடுவே ஐந்து சென்ட் தினை மட்டும் இருந்தால் அந்த வட்டாரத்துக் குருவிகள் எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும்.

மெல்லிய நைலான் வலையை மேலே போர்த்துவோர் உண்டு. அதில் கால் சிக்கித் தொங்கிச் சாகும் குருவிகளை நான் பார்த்திருக்கிறேன். கூண்டுக் குருவிக்குத் தீனி தேடக் காட்டுக் குருவியைக் கொல்வது என்ன நியாயம்? பழைய வேட்டித் துணியில் சிறு பைகள் தைத்து, விதைக்கும் தீனிக்கும் வேண்டிய நல்ல கதிர்களுக்கு மட்டும் மாட்டிவிடலாம். ஓரத்து இரண்டு வரிசையை அவற்றுக்கே விட்டுவிடலாம். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்கார அதிகாரிகளிடம் உத்தரவு வாங்கிவைத்த மக்கள் வாழும் பகுதி இது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தம் நெல்லுக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இரண்டு வரிசைத் தினை அவர்களுக்குப் பெரிதல்ல.

பச்சைக் கதிரின் அருமை

வீட்டில் விளைவிப்பதன் உண்மையான லாபம் பணத்தில் இல்லை என்பது என் கருத்து. எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று கொல்லையில் கிடைக்கிறது. அதுதான் பால் முற்றி மாவுப் பதத்துக்கு வரும் பச்சைக் கதிர். நகத்தால் நசுக்கினால் மாவாகப் பிதுங்கும் பருவம். குஞ்சு பொரித்த ஜோடிக்கு அந்தக் கதிரைத் தினம் ஒன்று செருகி வைத்தால், தாயும் தந்தையும் போட்டி போட்டு அதை உரித்து ஊட்டுவதைக் காணலாம். உலர்ந்த விதையைவிட இது குஞ்சுக்கு எளிதில் செரிக்கும்.

இந்தப் பருவம் பத்து நாட்களுக்கு மேல் நிற்காது. எனவே ஐந்து சென்டையும் ஒரே நாளில் விதைக்காமல், ஓரத்தில் இரண்டு மூன்று வரிசைகளைப் பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்துக்கொண்டே வரலாம். மாடித் தொட்டிக்காரர்களுக்கும் நான் சொல்லும் யோசனை இதுவே. தீனிக்காக வேண்டாம், பச்சைக் கதிருக்காக விதையுங்கள்.

கதிர் இல்லாத நாளில் முளைகட்டிய தினை உதவும். இரவு ஊறவைத்து, காலையில் இரண்டு மூன்று முறை அலசி, துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அப்போதே கொடுத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தின்னாமல் விட்டதை எடுத்து எறிந்துவிட வேண்டும். நம் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

உமியுள்ள தினையைத்தான் குருவிக்குத் தர வேண்டும். கடையில் விற்கும் தினையரிசி உமி நீக்கியது. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், குருவி உரித்துத் தின்னும் பழக்கத்துக்கும் ஒவ்வாது. உமியுள்ள தினையில் இன்னொரு சிக்கல் உண்டு. குருவி மணியை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விடும். பார்ப்பவர்களுக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். 'தீனி இருக்கிறதே' என்று வெளியூர் போய்விட்டு வந்து, நிறைந்த கிண்ணத்தின் பக்கத்தில் பட்டினியால் செத்த குருவிகளைக் கண்டவர்கள் உண்டு. நாள்தோறும் காலையில் கிண்ணத்தை ஊதிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மார்கழியில் நடந்தது

இனி என் தவறுக்கு வருகிறேன். பெருநகரிலிருந்து அந்தப் பெண் பேசியபோது குரல் கம்மியிருந்தது. "தினை போட்டா போதும்னு சொன்னீங்களே சார். பெட்டையா பார்த்துச் சாவுது. அடியில உப்பிக் குந்திக்குது, மறுநாள் இல்லை." மறுநாளே போனேன். மூன்றாவது பெட்டை அப்போதுதான் செத்திருந்தது. அடிவயிற்றைத் தொட்டதும் தெரிந்தது. முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டிருந்தது.

ஜீப்ரா ஃபிஞ்ச் முட்டை ஒரு கிராம் எடை இருக்கும். நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு வரை இடும். பன்னிரண்டு கிராம் எடையுள்ள தாய், ஒரு வாரத்துக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முட்டையாக வெளியே தள்ளுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலில் 100 கிராம் தினையில் புரதம் 12 கிராம் இருக்கிறது, பாராட்டத்தக்கது. ஆனால் சுண்ணாம்புச் சத்து 31 மில்லிகிராம்தான். பாஸ்பரஸ் 290 மில்லிகிராம். முட்டையிடும் பறவைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிவதோடு நிற்காது, முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் வலு இருக்காது.

இது எனக்குத் தெரியாததல்ல. கோழி வளர்ப்போருக்குக் கிளிஞ்சல் தூள் கலக்கச் சொல்லி முப்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். பிறகு ஏன் தவறினேன்? அந்த வீட்டில் முன்பு தானியப் பாக்கெட்டோடு, 'முட்டைத் தீனி' என்ற மஞ்சள் தூளும் வாங்கி வந்திருக்கிறார்கள். அதில் காய்ந்த முட்டையும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் கலந்திருந்தன. 'கடைத் தீனியே வேண்டாம்' என்று நான் சொன்னதும், சிக்கெடுத்த தானியத்தோடு அந்தத் தூளையும் நிறுத்திவிட்டார்கள். நான் கேட்கவில்லை; அவர்கள் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. போதாக்குறைக்குப் பனிக்குப் பயந்து கூண்டைத் திண்ணையிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். வெயில் படாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி உண்டாகாது. அது இல்லாவிட்டால் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் ஒட்டாது. குளிரும் சேர்ந்துகொண்டது.

ஆயா என்னைக் குறை சொல்லவில்லை. "தானியத்தை மட்டும் தின்னா மனுஷப் பொம்பளைக்கே இடுப்பு நிக்காது, அதுங்களுக்கு எப்படி நிக்கும்?" என்றார். முனைவர் பட்டத்துக்கு நான் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

தானியத்தோடு சேர வேண்டியவை

இக்குறையைப் போக்க வேண்டியவையும் பெரும்பாலும் வீட்டிலேயே உள்ளன. கோழி முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுவதும் சுண்ணாம்புச் சத்துதான். ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, அம்மியில் பரபரவென்று பொடித்துத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். தானியத்தில் கலக்க வேண்டாம். வேண்டிய குருவி வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். கணவாய் ஓடு இன்னும் சிறந்தது. கடற்கரை மணலில் ஒதுங்கிக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் கொடுப்பார்கள். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிக் கம்பியில் செருகிவிட்டால் அலகால் சுரண்டித் தின்னும்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், தினையோடு ஒரு பங்கு முளைகட்டிய கேழ்வரகைப் பழக்கலாம். ஆனால் அதை நம்பி முட்டை ஓட்டை நிறுத்திவிடக் கூடாது. தானியத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதும் உடம்பில் சேர்வதில்லை.

ஜோடி சேர்ந்து குஞ்சு வளர்க்கும் காலத்தில் வேகவைத்த முட்டையை மசித்து, ஜோடிக்கு ஒரு சுண்டைக்காய் அளவு கொடுக்கலாம். அதற்கும் இரண்டு மணி நேரக் கெடுதான். கோழிக் குஞ்சுக்குப் பானையில் சாணமும் ஓலையும் வைத்துக் கரையான் பிடிப்பது நம் கிராமங்களில் தெரிந்த வித்தை. கரையான் புற்றுக்கு மருந்து போட்ட இடமாக இல்லாவிட்டால் அதையும் குருவிக்குக் கொடுக்கலாம். கீரையில் முருங்கையும் கொத்தமல்லியும் நல்லவை. பாலக் கீரையைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். வயல் வரப்பில் கதிர் விட்ட குதிரைவாலிப் புல்லைப் பிடுங்கி வருபவர்கள், அந்த வரப்புக்குக் களைக்கொல்லி தெளித்தார்களா என்று பக்கத்து வயல்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

காலை வெயில் அரை மணி நேரமாவது நேராகப் பட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் இப்பயன் கிடையாது. பெட்டை இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் நாற்பது வாட் குண்டு பல்பைப் போட்டுச் சூடு காட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். வயிற்றை அழுத்தி முட்டையை எடுக்க முயன்றால் உள்ளே உடைந்து பறவை செத்துவிடும்.

வாங்க வேண்டியது எது?

கடைத் தீனியில் எல்லாமே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். குருணைத் தீனி என்று மக்காச்சோளமும் சோயாவும் வைட்டமின்களும் சேர்த்து அழுத்திய தீனி வருகிறது. சத்துக் கணக்கில் அது முழுமையானது. ஆனால் விதை உரித்தே பழகிய ஃபிஞ்ச் அதை உணவென்று அறியாது. ஒரே நாளில் மாற்றினால் கிண்ணத்தின் எதிரிலேயே பட்டினி கிடக்கும். இவ்வளவு சிறிய உடம்பு ஒரு நாள் பட்டினியைத் தாங்குவதே அரிது. மாற்ற விரும்புவோர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கலவைகளில் நீண்டு பளபளக்கும் ஒரு விதையைக் காணலாம். கனேரி விதை என்பார்கள். உலகில் அதை அதிகம் விளைவிக்கும் நாடு கனடா. நம் குருவி தின்னக் கடல் தாண்டிக் கப்பலில் வருகிறது. நல்ல விதைதான், ஆனால் அது இல்லாவிட்டால் எந்த ஃபிஞ்ச்சும் நலம் குன்றிவிடாது. வேடிக்கை என்னவென்றால் எதிர்த் திசையிலும் கப்பல் போகிறது. நம் நாட்டுப் பழங்குடி விவசாயிகள் விளைவிக்கும் பேயெள்ளு, அமெரிக்கர்கள் தோட்டத்துக் குருவிகளுக்குப் போடுவதற்காக ஏற்றுமதியாகிறது. அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை கூடவே போய்விடக் கூடாது என்று அங்கே அதைச் சூடேற்றிய பிறகே அனுமதிக்கிறார்கள். ஆக, அவர்கள் விதை இங்கே, நம் விதை அங்கே. எண்ணெய்ச் செலவும் புகையும் இரு பக்கமும்!

வாங்குவதானால் பக்கத்து மாவட்டத்தில் விளைந்த தினை, சாமை, பனிவரகை உமியோடு மொத்தமாக வாங்குவதே என் தேர்வு. திருவண்ணாமலையிலும் ஜவ்வாது மலையிலும் இன்றும் சிறுதானியம் விளைகிறது. எங்கே வாங்கினாலும் நூறு மணியை ஈரத் துணியில் முடிந்து பார்க்க வேண்டும். எண்பதுக்கு மேல் முளைத்தால் உயிருள்ள தானியம். பாதிகூட முளைக்காவிட்டால் அந்தக் கடையை மாற்றிவிடுவது நல்லது. முட்டைத் தீனித் தூளையும் வைட்டமின் துளிகளையும் முட்டையிடும் பருவத்துக்கு மட்டும், காலாவதி தேதி பார்த்துச் சிறிய டப்பாவாக வாங்கலாம். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று, பட்டறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சேமிப்பு

அறுத்த கதிரை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தடியால் தட்டித் தூற்ற வேண்டும். மணியைப் பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு கட்டிவைத்த தானியத்தில் பூஞ்சணம் ஏறும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது முதலில் காரணம் புரியவில்லை. தீனியில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஏறிய பூஞ்சணத்தின் நஞ்சுதான் என்று பிறகு கண்டார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயர் அதன் பிறகு வந்ததே. வீட்டில் விளைந்தது என்பதால் பூஞ்சணம் நம்மை விட்டுவிடாது. மண்ணெண்ணெய் வாடை இல்லாத தகர டின்னில் அடைத்து, மேலே காய்ந்த நொச்சி இலை அல்லது வேப்பிலையைப் போட்டு வைக்கலாம். மாதம் ஒரு முறை வெயில் காட்டினால் அந்துப்பூச்சி அண்டாது. நெல் மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு குருவியை மட்டுமா கொல்லும்?

மிஞ்சிய வைக்கோல் மாட்டுக்கு. கூண்டின் அடியில் சேரும் உமியும் எச்சமும் கொல்லைக்கு.

பெருநகர் வீட்டில் அந்த மார்கழிக்குப் பிறகு கூண்டு மறுபடியும் கிழக்குத் திண்ணைக்கு வந்தது. மூன்று சேவல்கள் ஜோடியில்லாமல் இருந்தன. குஞ்சு விற்ற காசில்தான் பெட்டைகளை வாங்க வேண்டியிருந்தது. நான் பணம் கொடுக்கப் போனபோது ஆயா வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அடுத்த ஆடியில் ஆறு சென்ட் விதைத்தார்கள். ஒரு சென்ட் பனிவரகு. கணவாய் ஓடு கூண்டில் வெள்ளையாகச் செருகியிருந்ததை அந்தப் பெண் எனக்குக் காட்டினாள். அதற்கடுத்த மார்கழியில் பெட்டை எதுவும் சாகவில்லை. அவள் இப்போது செங்கல்பட்டில் கல்லூரியில் படிக்கிறாள். கூண்டை ஆயாதான் பார்த்துக்கொள்கிறார்.

தினை, சாமை, பனிவரகு விதை வேண்டுவோர் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சிறுதானிய மகத்துவ மையத்தை அணுகலாம். பறவை நலம் பற்றிய ஐயங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். அது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவதால் பயிரும் தெரியும், பறவையும் தெரியும். போகும்போது இப்போது போடும் தீனியில் ஒரு பிடியையும், பாக்கெட் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.